இருபத்தைந்து, கூட்டியோ குறைத்தோ ஐந்து

கதிரியக்கத்தை எண்ணும் கைகர் கருவியை மேசைமேல் வைத்துவிட்டு, நிமிடத்துக்கு நிமிடம் அது காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டே வந்தால் பட்டியல் ஏறக்குறைய இப்படி அமையும்: 27, 19, 24, 31, 22. பக்கத்தில் யாரும் எதையும் கொண்டுவரவில்லை. கருவியிலும் பழுதில்லை. 19 வந்த நிமிடத்துக்கும் 31 வந்த நிமிடத்துக்கும் இடையில் அந்த அறையில் எதுவுமே மாறவில்லை.

மனம் இதை ஏற்காது. புதிதாகக் கருவி வாங்கியவர் முதல் நாளே பூஜையறையில் 22, சமையலறையில் 29, அலைபேசிக்குப் பக்கத்தில் 31 என்று அளந்து குடும்பக் குழுவில் போட்டுவிடுவார். மூன்றும் ஒரே எண்தான் என்று சொன்னால் சண்டைக்கு வருவார்.

ஓர் அணு சிதைவது இன்னோர் அணுவைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. இப்படி ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நிகழ்வுகளை எண்ணும்போது, கிடைத்த எண்ணிக்கையின் வர்க்கமூலம் எதுவோ அதுவே அந்த எண்ணின் பிழை. 25 எண்ணினால் பிழை 5. ஆகவே அந்த அறையின் அளவு 25 ± 5. மூன்றில் இரண்டு பங்கு நிமிடங்கள் 20-க்கும் 30-க்கும் இடையில் விழும். மீதி ஒரு பங்கு வெளியேதான் விழ வேண்டும். விழாவிட்டால்தான் கருவியைச் சந்தேகப்பட வேண்டும்.

1910-இல் ரூதர்போர்டும் கைகரும் இதை இருட்டறையில் உட்கார்ந்து சோதித்தார்கள். பொலோனியத்திலிருந்து கிளம்பிய ஆல்ஃபா துகள்கள் திரையில் மின்னுவதை ஏழரை நொடித் துண்டுகளாகப் பிரித்து எண்ணினார்கள். மொத்தம் 2,608 துண்டுகள், 10,097 மின்னல்கள். ஒரு துண்டுக்குச் சராசரி 3.87. ஒரு மின்னல்கூட இல்லாத துண்டுகள் 54 இருக்க வேண்டும் என்றது, தொடர்பில்லாத நிகழ்வுகளுக்கான பாய்சான் கணக்கு; கிடைத்தவை 57. ஐந்து மின்னல் வர வேண்டிய துண்டுகள் 394, வந்தவை 408. எந்த அணு எப்போது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கூட்டமாக எப்படி உடையும் என்பதை இவ்வளவு நெருக்கமாகச் சொல்லிவிடலாம். கணிதத்தில் என்னை எப்போதும் நிறுத்திவைக்கும் இடம் இது.

சத்தத்தைக் காதால் கேட்டாலும் ஏமாற்றம்தான். நிமிடத்துக்கு 25 என்றால் சராசரியாக 2.4 நொடிக்கு ஒரு ‘டிக்’. ஆனால் சீராக வராது. கால் நொடிக்குள் அடுத்தது வந்துவிடும் வாய்ப்பு பத்தில் ஒன்று. பத்து நொடிக்கு மேல் அமைதி நீடிக்கும் வாய்ப்பு 1.5 விழுக்காடு. ஒரு மணி நேரத்தில் 1,500 இடைவெளிகள் இருப்பதால் அப்படி இருபது முறைக்கு மேல் நடக்கும். கருவியைச் சாமி படத்தருகே கொண்டுபோன நேரத்தில் அந்தப் பத்து நொடி அமைதி வாய்த்துவிட்டால் போதும், ஒரு காணொளி தயார்.

சரி, இரண்டு இடங்களை நேர்மையாக ஒப்பிட எவ்வளவு நேரம் எண்ண வேண்டும்? ஓரிடத்தில் 25, இன்னோரிடத்தில் 28 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 3. இரு இடத்துப் பிழைகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 53; அதை எண்ணிய நிமிடங்களால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வித்தியாசத்தின் பிழை வரும். வித்தியாசம் பிழையைப் போல் மூன்று மடங்காவது இருந்தால்தான் பேசலாம் என்று வைத்தால், ஒவ்வோர் இடத்திலும் 53 நிமிடம் எண்ண வேண்டும். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு நேரம்; பத்தில் ஒன்றாக்க நூறு மடங்கு. பொறுமைக்குக் குறுக்குவழி கிடையாது.

கருவி செய்யும் தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். மலிவான கிட்டுகளில் வருபவை பெரும்பாலும் ஜே305 என்ற கண்ணாடிக் குழாய், அல்லது எஸ்பிஎம்-20 என்ற பழைய சோவியத் உலோகக் குழாய். இரண்டுக்கும் 400 வோல்ட் அளவில் மின்னழுத்தம் வேண்டும். அந்த 400 இருக்கிறதா என்று சாதாரண மல்டிமீட்டரை நேராக வைத்துப் பார்ப்பதுதான் முதல் தவறு. மீட்டரின் உள்தடை 10 மெகாஓம். கிட்டின் உயரழுத்தச் சுற்றால் அந்தச் சிறு சுமையைக்கூடத் தாங்க முடியாது. அழுத்தம் சரிந்து 200, 250 என்று காட்டும். அதை நம்பித் திருகியை ஏற்றினால் குழாய் காலி. 1 கிகாஓம் ரெசிஸ்டரைத் தொடரில் சேர்த்து, வரும் எண்ணை 101-ஆல் பெருக்க வேண்டும். மீட்டர் 3.96 காட்டினால் 400 சரியாக இருக்கிறது.

கண்ணாடிக் குழாய்க்கு வெயில் ஆகாது. ஜன்னலோரம் வைத்தால் ஒளியே உள்ளிருக்கும் உலோகப் பூச்சிலிருந்து எலக்ட்ரானைக் கிளப்பி எண்ணிக்கையை ஏற்றிவிடும். ‘நண்பகலில் கதிர்வீச்சு அதிகம்’ என்ற கண்டுபிடிப்புகள் பலவும் இதுதான். கறுப்பு டேப் ஒரு சுற்றுச் சுற்றினால் கண்டுபிடிப்பு மறைந்துவிடும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றின் ஈரம் சர்க்யூட் போர்டில் படிந்து உயரழுத்தம் கசியும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக் காயவைக்க வேண்டும். பவர் பேங்கில் ஓட்டினால், இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் அது தானாகவே அணைந்துவிடும். இரவு முழுக்க எண்ணலாம் என்று வைத்துவிட்டுப் போனால் காலையில் வெறுங்கைதான். அலைபேசியை ஒட்டி வைத்தால் அதன் வானொலி அலை சுற்றுக்குள் புகுந்து பொய் எண்ணிக்கை தரும். அது அலைபேசியின் கதிரியக்கம் அல்ல, கருவியின் கூச்சம்.

இன்னொன்று. திரையில் ஓடும் மைக்ரோசீவெர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு) எண், எஸ்பிஎம்-20-க்கு நிமிடத்துக்கு 175 எண்ணிக்கை = மணிக்கு 1 மைக்ரோசீவெர்ட் என்பது போன்ற ஒரு பெருக்கலில் வருவது. குறிப்பிட்ட ஒரு பொருளின் காமா கதிரை வைத்துப் போட்ட கணக்கு அது. வேறு பொருளுக்கு, அதுவும் பீட்டா (எலக்ட்ரான் கதிர்) வெளிவிடும் பொருளுக்கு, அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. எண்ணிக்கையை மட்டும் எழுதிவைப்பதே உத்தமம்.

அந்த 25 எங்கிருந்து வருகிறது? கடல்மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு மியூவான் (அண்டக்கதிர் காற்றில் மோதிப் பிறக்கும் துகள்) வானத்திலிருந்து இறங்குகிறது. எஸ்பிஎம்-20 படுத்திருக்கும் பரப்பு 9 சதுர சென்டிமீட்டரை ஒட்டி வரும். ஆக, மூன்றில் ஒரு பங்கு வானத்துச் சரக்கு. மீதி தரை, சுவர், குழாயின் சொந்த உலோகம்.

இந்த ‘வானத்துப் பங்கு’ என்ற எண்ணத்துக்கு முதல் விதை போட்டவர்களில் ஒருவர் பாதிரியார். தியோடர் வுல்ஃப், இயேசு சபைத் துறவி, இயற்பியலாளர். சுமந்துபோகக்கூடிய உறுதியான மின்னூட்டமானி (எலக்ட்ரோமீட்டர்) ஒன்றைத் தானே வடிவமைத்து, 1910-இல் அதை ஐஃபெல் கோபுரத்தின் உச்சிக்குக் கொண்டுபோனார். கதிர்வீச்சு எல்லாம் மண்ணிலிருந்தே வருகிறதென்றால் 300 மீட்டர் உயரத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே மிஞ்சக்கூடாது. தரையில் 6 என்றால் உச்சியில் 3.5 வந்தது. குறைந்தது, ஆனால் குறைய வேண்டிய அளவு குறையவில்லை. 1912 ஆகஸ்ட் 7-ஆம் தேதி விக்டர் ஹெஸ் பலூனில் 5 கிலோமீட்டருக்கு மேல் ஏறி அளந்தபோது எண்ணிக்கை ஏறியது. கதிர் மேலிருந்துதான் வருகிறது. அதற்காக 1936-இல் அவருக்கு நோபல் பரிசு.

ஹெஸ் செய்த இன்னொரு பறப்பு நம்மூருக்கு நேரடியாகப் பொருந்தும். 1912 ஏப்ரல் 17 அன்று சூரிய கிரகணத்தின்போது பலூனில் ஏறினார். சூரியன்தான் மூலம் என்றால் நிலா மறைக்கும்போது எண்ணிக்கை இறங்க வேண்டும். கிரகணத்தால் எண்ணிக்கை மாறவில்லை. கிரகண நேரத்தில் விசேஷக் கதிர் வருகிறது, அதனால்தான் குடத்திலும் ஊறுகாய் ஜாடியிலும் தர்ப்பைப் புல்லைப் போடுகிறோம் என்று ‘அறிவியல் விளக்கம்’ கொடுப்பவர்களுக்கு 1912-லேயே பதில் இருக்கிறது. தர்ப்பை போடுவது சம்பிரதாயம். சம்பிரதாயம் என்று சொல்லிப் போட்டால் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. அறிவியல் என்று சொன்னால் ± எங்கே என்று கேட்பார்கள்.

வானத்துக் கதிர் விஷயத்தில் தென்கோடித் தமிழர்களுக்கு ஒரு சலுகையும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் முனையை ஒட்டிப் போகிறது. 1963-இல் ராக்கெட் ஏவத் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவைத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான். மின்னூட்டமுள்ள அண்டக்கதிரை இங்கே காந்தப்புலம் குறுக்கே நின்று திருப்பிவிடுகிறது. உள்ளே நுழையத் தேவையான ஆற்றல் உலகிலேயே இந்த வட்டாரத்தில்தான் மிக அதிகம். விமானம் பறக்கும் உயரத்தில் நிலநடுக்கோட்டுப் பகுதியில் மணிக்கு 2, 3 மைக்ரோசீவெர்ட் என்றால், துருவத்தை ஒட்டிய பாதையில் 5-க்கு மேல் போகும்.

இனி கல். சிவலிங்கம் அணு உலை, அபிஷேகம் குளிர்விக்கும் நீர், வில்வம் கதிர்வீச்சை உறிஞ்சும் இலை, இந்தியக் கதிரியக்க வரைபடத்தில் உச்ச அளவெல்லாம் ஜோதிர்லிங்கத் தலங்களில்தான் என்று ஒரு செய்தி ஆண்டாண்டாகச் சுற்றுகிறது. கருவி கையிலிருப்பவர்கள் கோயிலுக்குப் போய் அளந்து, ‘பார், ஏறுகிறது!’ என்பார்கள். ஏறத்தான் செய்யும். ஏன் என்று கணக்குப் போட்டே காட்டலாம்.

இளஞ்சிவப்புக் கிரானைட் ஒரு கிலோவை எடுத்துக்கொள்வோம். அதில் பொட்டாசியம் 4 விழுக்காடு, தோரியம் பத்து லட்சத்தில் 18 பங்கு, யுரேனியம் 4 பங்கு என்பது வழக்கமான அளவு. நொடிச் சிதைவில் சொன்னால் பொட்டாசியம்-40 1,250 பெக்கரல், தோரியம் 73, யுரேனியம் 49. கதிரியக்க விளைவுகளுக்கான ஐ.நா. அறிவியல் குழு தரும் பெருக்கெண்கள் முறையே 0.0417, 0.604, 0.462. பெருக்கினால் 52, 44, 23. கூட்டினால் மணிக்கு 119 நானோகிரே (கிரே என்பது ஒரு பொருள் உறிஞ்சும் கதிர் ஆற்றலின் அலகு). உலகச் சராசரி மண் தருவது 59. காலடியில் மட்டும் கல் இருந்தால்தான் இந்த 119. தூண், சுவர், கூரை எல்லாமே கல் என்றால் நாலா பக்கமும் சேர்ந்து ஏறக்குறைய இரட்டிப்பாகும். தெருவில் 60, கல் மண்டபத்துக்குள் 200-க்கு மேல். தெய்வம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதே கல்லில் கட்டிய சத்திரத்திலும் இதே எண்தான் வரும். சமையல்மேடையில் பதித்த கிரானைட்டும் அந்த ஜாதிதான். அங்கே தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஆண்டுக்குக் கூடுவது 0.1 மில்லிசீவெர்ட்டுக்கும் கீழே. வயிற்றுக்கு எடுக்கும் ஒரு சி.டி. ஸ்கேன் 8, 10 மில்லிசீவெர்ட்.

வேடிக்கை என்னவென்றால், சிலை வடிக்கத் தேடிப் பிடிக்கும் கரிய நிறக் கல்லில் பொட்டாசியமும் தோரியமும் பொதுவாகக் குறைவு. காலில் மிதிபடும் வெளிர் நிறப் பாவுகல்லில்தான் கூடுதல். பீமாசங்கர், திரியம்பகேசுவரர், கிருஷ்ணேசுவரர் மூன்று ஜோதிர்லிங்கங்களும் நிற்பது தக்காணத்து எரிமலைப் பாறைமேல். இந்தியாவில் கதிரியக்கம் மிகக் குறைந்த பாறைகளில் அதுவும் ஒன்று. நீர் ஊற்றினால் சிதைவு வேகம் மாறாது. அரை சென்டிமீட்டர் நீர்ப்படலம் காமா கதிரில் 3, 4 விழுக்காட்டைத் தடுக்கும், அவ்வளவே. அணு உலைக் கூடத்தின் மேல்மூடி லிங்க வடிவில் இருப்பதற்குக் காரணம், அழுத்தம் தாங்கும்போது உருளைச் சுவரில் ஏற்படும் இழுவிசையில் பாதிதான் அதே ஆரமுள்ள கோள ஓட்டில் ஏற்படும் என்பது. கொதிகலனுக்கும் கேஸ் டேங்கருக்கும் அதே வட்ட முனைதான். அவற்றுக்கு யாரும் தேங்காய் உடைப்பதில்லை.

இயற்கைக் கதிரியக்கம் நிஜமாகவே உச்சத்துக்குப் போகும் இடம் தமிழ்நாட்டில் ஒன்று உண்டு. அங்கே புராணமும் உண்டு. கன்னியாகுமரியில் தேவியின் கல்யாணம் நின்றுபோனது; சுசீந்திரத்திலிருந்து புறப்பட்ட மாப்பிள்ளை, சேவல் கூவிவிட்டது என்று நம்பித் திரும்பிவிட்டார்; விருந்துக்கு வைத்திருந்த அரிசியும் தானியமும் சமைக்கப்படாமல் கல்லும் மணலுமாகிவிட்டன. அந்தக் கரையின் பல நிற மணலுக்கு ஊர் சொல்லும் காரணம் இதுதான். கையில் அள்ளிப் பார்த்தால் கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட், நிறமற்ற சிர்கான், தேன் நிறத்தில் பளபளக்கும் மோனசைட். கற்பனை செய்தவர் மணலை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் செய்திருக்கிறார். தானியம் தானியமாகவே இருக்கிறது.

மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு ஏறக்குறைய 9 விழுக்காடு. மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைகளிலிருந்து ஆறுகள் உருட்டிக்கொண்டு வந்தது. சாதாரண மணலின் அடர்த்தி 2.65, இல்மனைட் 4.7, மோனசைட் 5-ஐ ஒட்டி. அலை ஏறி இறங்கும்போது லேசானதை இழுத்துக்கொண்டு கனமானதை விட்டுப்போகிறது. முறத்தில் புடைப்பது போலத்தான். தென்மேற்குப் பருவத்தில் அலை வலுத்த பிறகு மணவாளக்குறிச்சிக் கரையில் கறுப்புப் பட்டை தடித்துக் கிடப்பது இதனால்தான். அளக்கும்போது பத்தடி தள்ளி வைத்தால் எண் பாதியாகவோ இரட்டிப்பாகவோ மாறும். ‘இந்தக் கடற்கரையின் அளவு இவ்வளவு’ என்று ஒற்றை எண் சொல்பவரை நம்ப வேண்டாம். கேரள, தமிழகக் கரைக்கு மேற்படி ஐ.நா. குழு குறித்திருப்பதே மணிக்கு 200 முதல் 4,000 நானோகிரே வரை என்ற நீண்ட வீச்சுதான்.

1909-இல் ஷாம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன தென்னை நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டு, அது எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு மணவாளக்குறிச்சிக்கு வந்தார். அப்போது தோரியம் வேண்டியது அணுசக்திக்கு அல்ல. கேஸ் விளக்கின் மேண்டிலுக்கு. 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. தேவி கல்யாணத்து அரிசி ஐரோப்பிய வீதிகளில் விளக்காக எரிந்திருக்கிறது. பழைய பெட்ரோமாக்ஸ் மேண்டில் வீட்டில் கிடந்தால் கருவிக்குச் சோதனைப் பொருளாக உதவும். உறையைப் பிரிக்காமல் ஜிப் கவரில் போட்டுவைக்க வேண்டும். எரித்த மேண்டில் தூளாகும், அந்தத் தூளைச் சுவாசிக்கக் கூடாது. மோனசைட் மணலைப் புட்டியில் அள்ளிவரும் ஆசை வேண்டாம். 1962-ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின் கீழ் அது கட்டுப்படுத்தப்பட்ட பொருள்.

அந்தக் கரையில் வாழ்கிறவர்களுக்கு என்ன ஆகிறது? கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளியில் 69,958 பேரைச் சராசரி பத்தரை ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வு 2009-இல் வெளியானது. கதிர்வீச்சுக்கு அஞ்சுபவர்கள், அஞ்ச வேண்டாம் என்பவர்கள் என இரு தரப்பும் இதைக் கையிலெடுத்துக்கொள்கின்றன. ஒரு கிரே அளவுக்குக் கூடுதல் ஒப்பீட்டுப் புற்றுநோய் ஆபத்து −0.13 என்று வந்தது. கழித்தல் குறியைப் பார்த்ததும், ‘கதிர்வீச்சு நல்லது, புற்றுநோயைக் குறைக்கிறது’ என்றனர் சிலர். முழு வரி இது: −0.13, 95 விழுக்காட்டு எல்லை −0.58 முதல் 0.46 வரை. பூஜ்யம் அதற்குள் இருக்கிறது. ஹிரோஷிமா, நாகசாகியில் பிழைத்தவர்களிடம் கண்ட ஆபத்தும் ஏறக்குறைய அரைதான். மேல் எல்லைக்கு மிக அருகே. அந்த அளவுக்குப் பெரிய கேடு தென்படவில்லை என்று சொல்ல இந்த ஆய்வு போதும். கேடே இல்லை என்றோ நன்மை என்றோ சொல்ல இன்னும் நிறையப் பேரும் நிறைய ஆண்டுகளும் வேண்டும். கையடக்கக் கருவியைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு தெருவில் அளந்து, அத்தெருவின் நோய்க்குத் தீர்ப்புச் சொல்வது கணக்கில் சேராது. அதற்குப் புற்றுநோய்ப் பதிவேடு வேண்டும்.

தோரியத்தின் அரை ஆயுள் 1,405 கோடி ஆண்டு. பிரபஞ்சத்தின் வயதைவிடக் கொஞ்சம் அதிகம். பூமி உருவானபோது இருந்த தோரியத்தில் 80 விழுக்காடு இன்னும் இருக்கிறது. யுரேனியம்-238 பாதி. பொட்டாசியம்-40 8 விழுக்காடு மட்டும். அன்றைய பூமியில் நின்றிருந்தால் பொட்டாசியத்தாலேயே கருவி பன்னிரண்டு மடங்கு கத்தியிருக்கும்.

இங்கே ஓர் எண் ஒற்றுமையைத் தவறாமல் கொண்டுவருவார்கள். பிரம்மாவின் ஒரு பகல், அதாவது ஒரு கல்பம், 432 கோடி ஆண்டு. பூமியின் வயது 454 கோடி. யுரேனியத்தின் அரை ஆயுள் 446.8 கோடி. சிலிர்க்கத்தான் செய்யும். ஆனால் 432 கோடி என்பது 43 லட்சத்து 20 ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கி வந்த விடை. பெருக்கலுக்குப் பிழை எல்லை கிடையாது. அது தனக்குள் முழுமையானது. புவிவேதியியலாளர் பேட்டர்சன் 1956-இல் விண்கல்லின் ஈயத்தை அளந்து சொன்னது 455 ± 7 கோடி. 448-க்குக் கீழே போனால் தன் கணக்கைச் சந்தேகியுங்கள் என்று அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். 432 அந்த எல்லைக்குள் வரவில்லை. வராததால் கல்பத்துக்கு ஒரு குறையும் இல்லை. அதைக் கட்டியவர்கள் ஈயத்தை அளக்கப் புறப்படவில்லை. காலம் மனிதக் கணக்கைவிட எத்தனை பெரியது என்று சொல்ல வந்தவர்கள், கோடிகளில் பேசத் துணிந்தார்கள். அந்தத் துணிவு போதாதா? அதற்கு ஆய்வக முத்திரை எதற்கு?

நம் உடம்பையும் இதே தராசில் வைக்கலாம். ஒரு கிராம் பொட்டாசியத்தில் பத்தாயிரத்தில் 1.17 பங்கு பொட்டாசியம்-40, அணுக்களாக 1.8-ஐ 10-இன் 18-ஆம் அடுக்கால் பெருக்க வேண்டும். 0.693-ஐ 125 கோடி ஆண்டின் நொடிகளால் வகுத்துப் பெருக்கினால் நொடிக்கு 31 சொச்சம் சிதைவு. 70 கிலோ ஆளிடம் 140 கிராம் பொட்டாசியம். ஆக நொடிக்கு 4,400. அதனால் ஆண்டுக்கு 0.17 மில்லிசீவெர்ட். ஒரு வாழைப்பழத்தில் 0.4 கிராம், 13 பெக்கரல் போல. தார் தாராகத் தின்றாலும் ஆண்டுக் கணக்கு ஏறாது, ஏனென்றால் மிச்சப் பொட்டாசியத்தைச் சிறுநீரகம் வெளியே தள்ளி உடம்பின் இருப்பை அதே அளவில் வைத்துவிடும். வாழைப்பழத்தை அலகாக்கிப் பேசுபவர்கள் இதைச் சொல்வதில்லை.

கருவியைச் சோதிக்க வாழைப்பழம் உதவாது. உரக்கடையில் கிடைக்கும் பொட்டாஷ் உதவும். பாதிக்குப் பாதி பொட்டாசியம். 50 கிலோ மூட்டையில் நொடிக்கு 7 லட்சத்து 80 ஆயிரம் சிதைவு, யாரும் பயப்படுவதில்லை. பயப்படவும் வேண்டாம். அதன் சிவப்பு நிறம் இரும்புத் துருவால் வந்தது, கதிரியக்கத்தால் அல்ல. பத்தில் ஒன்பது சிதைவு பீட்டா. அது உரத்துக்குள்ளேயே நாலைந்து மில்லிமீட்டரில் நின்றுவிடும். அதனால் குவியலாகக் கொட்டிப் பயனில்லை. நூறு கிராமை மெல்லிய பாலிதீன் உறையில் குழாயின் நீளத்துக்குப் பரப்பி, குழாயை ஒட்டி வைக்க வேண்டும். 20 நிமிடம் எண்ணி, அதே இடத்தில் அதே அளவு சமையல் உப்பை வைத்து இன்னொரு 20 நிமிடம். உப்பும் மேசையிலிருந்து வருவதை மறைக்கும் என்பதால் வெறும் மேசையோடு ஒப்பிடுவது தவறு. வித்தியாசம் தெரியவில்லை என்றால் குழாய் அல்லது மின்னழுத்தம் சரியில்லை.

இதைவிட அழகான சோதனை மழைக்கு. உலகச் சராசரி ஆண்டு அளவு 2.4 மில்லிசீவெர்ட்டில் பாதிக்கு மேல், 1.26, மண்ணிலிருந்து கசியும் ரேடானும் அதன் வாரிசுகளும் தருவது. ரேடான் வாயு, அது சிதைந்து வரும் ஈயமும் பிஸ்மத்தும் வாயு அல்ல, தூசியில் ஒட்டிக்கொள்ளும். மழை அந்தத் தூசியைக் கழுவி இறக்கும். கடல்நீரிலிருந்து ரேடான் கிளம்புவது சொற்பம். அதனால் நாள்கணக்கில் வங்கக்கடல்மேல் வந்த ஐப்பசி அடைமழையைவிட, நிலத்தில் திரண்டு இடியோடு கொட்டும் கோடை மழையே இதற்குத் தோது.

மழைக்கு முன்பே 20 நிமிடம் பின்புலம் எண்ணிவைக்க வேண்டும். மழை தொடங்கிக் கால் மணி, அரை மணி கழித்து, வெளியே நிற்கும் கார் முன்மூடியை முழுக்க ஒரே டிஷ்யூ தாளால் துடைத்து, நாலாக மடித்து, மெல்லிய பாலிதீனில் சுற்றிக் குழாயை ஒட்டி வைக்க வேண்டும். தாமதிக்கக் கூடாது: ஈயம்-214-க்கு அரை ஆயுள் 27 நிமிடம், பிஸ்மத்-214-க்கு 20. ஐந்தைந்து நிமிடமாக எண்ணி எழுதிக்கொண்டே போகலாம். முதல் ஐந்து நிமிடம் 600 வந்ததாக வைத்துக்கொள்வோம். பின்புலம் 125 கழிந்தால் 475. பிழை 475-இன் வர்க்கமூலம் அல்ல. 20 நிமிடத்தில் எண்ணிய பின்புலம் 500; அதை நான்கால் வகுத்தே 125 வந்ததால், அதன் பிழையின் வர்க்கம் 500-ஐ 16-ஆல் வகுத்த 31. 600-ஐயும் 31-ஐயும் கூட்டி எடுத்த வர்க்கமூலம், 25. கழிக்கும்போதும் பிழை கூடத்தான் செய்யும், இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள். வாரிசு ஒன்று சிதைந்து அடுத்ததைப் பிறப்பித்துக்கொண்டே இருப்பதால் நிகர எண்ணிக்கை 30 முதல் 40 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும். மடக்கைத் தாளில் குறித்தால் கிட்டத்தட்ட நேர்கோடு. இரண்டரை, மூன்று மணி நேரத்துக்குப் பிறகு புள்ளிகள் கோட்டுக்கு மேலும் கீழும் துள்ளத் தொடங்கும். நிகரம் பிழைக்குள் போய்விட்டது என்று பொருள். நான்கு மணி நேரம் கழித்து அது வெறும் ஈரத்தாள், குப்பைக்கூடையில் போட்டுவிடலாம்.